வெள்ளோட்டம்

புதிதாகச் செய்த தேரைத் திருவிழா நாளன்றே முதன்முதலாக வடம்பிடித்து இழுப்பது நம் நாட்டு வழக்கமன்று. விழாவுக்குச் சில நாள் முன்னரே, மூர்த்தியை எழுந்தருளச் செய்யாமல், வெறுந்தேரை வீதியில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பர். அச்சு தாங்குமா, சக்கரம் கோணுமா, தெருமுனையில் திரும்புமா என்பன யாவும் அன்று தெரிந்துவிடும். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்து உழவரும் பண்ணைக்காரரும் இப்பெயரைச் சொல்லாமலே இச்செயலைச் செய்து வருகின்றனர். மரவள்ளியில் புது ரகம் வந்தால் தோட்டத்தின் ஒரு மூலையில் நட்டுப் பார்ப்பர். கோழிகளுக்குத் தீவனம் மாற்றுவதாயின் ஒரு கொட்டகைக்கு மட்டும் மாற்றி, முட்டைக் கணக்கைச் சில நாள் கவனித்த பின்னரே மற்றக் கொட்டகைகளுக்கு மாற்றுவர். இத்தகைய வெள்ளோட்டம் ஒன்றைக் காரியாலயக் கணிப்பொறிகளில் மாதந்தோறும் நடத்துவது என் உத்தியோகமாக அமைந்துவிட்டமையால், அதைப் பற்றிச் சில கூறத் துணிந்தேன்.

நான் இக்கலாசாலையில் பயின்று வெளியேறிய பின்னர், நாமக்கல்லில் உள்ள ஒரு லாரிக் காரியாலயத்தில் அமர்ந்தேன். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, சேலம் ஆகிய நான்கு ஊர்க் கிளைகளிலுமாக 41 கணிப்பொறிகள் என் பொறுப்பில் உள்ளன. கணிப்பொறி படித்தவனுக்கு லாரி ஆபீசில் என்ன வேலை என்று உடன் பயின்ற நண்பர் சிலர் நகைப்பதுண்டு. லாரிக்குக் கூடு கட்டுவதும் அதை ஓட்டுவதும் நாமக்கல்லின் புகழ்பெற்ற தொழில்கள் என்பதை யாவரும் அறிவர். ஆனால் இந்நாளில் ஒரு வண்டி புறப்பட வேண்டுமாயின் டீசலுக்கு முன்னே காகிதம் வேண்டும் என்பதைப் பலர் அறியார். சரக்கு ஏற்றியவர் பெயர், பெறுபவர் பெயர், பெட்டிகளின் எண்ணிக்கை, எடை, வண்டி எண், வாடகை ஆகிய யாவும் அடங்கிய லாரி ரசீது, எல்.ஆர். என்று நாங்கள் சொல்வது, கணிப்பொறியினின்று அச்சாகி ஓட்டுநர் கைக்கு வந்தாலன்றி வண்டி முற்றத்தை விட்டு நகராது. கணிப்பொறி நின்றால் லாரியும் நிற்கும்.

மென்பொருள் என்பது ஒருமுறை எழுதி அச்சிட்டு முடிந்த நூலைப் போன்றதன்று. எழுதினோர் பிழை காணும்போதெல்லாம் திருத்தி, அத்திருத்தத்தை உலகெங்கும் உள்ள கணிப்பொறிகளுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பர். இதனையே அப்டேட் என்கிறோம். விண்டோஸ் என்னும் மென்பொருளை இயற்றும் மைக்ரோசாப்ட் நிறுவனம், 2003 அக்டோபர் முதல், மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று தன் திருத்தங்களை மொத்தமாக வெளியிடும் வழக்கத்தை ஏற்படுத்திற்று. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அது காலை பத்து மணி. நம் நாட்டிலோ பருவத்துக்கேற்ப இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. ஆகவே எங்களுக்கு அது புதன்கிழமைக் காரியம். இதுவன்றி, ரசீது அச்சிடும் மென்பொருள், கணக்கு மென்பொருள், வைரஸ் தடுக்கும் மென்பொருள் ஆகியவையும் தத்தமக்கு வேண்டிய நாளில் திருத்தங்களை அனுப்பும்.

வந்த திருத்தத்தை வேண்டாமென்று தள்ளிவிடலாகாதா எனின், அதன் பலனையும் உலகம் கண்டிருக்கிறது. 2017 மார்ச் 14 அன்று விண்டோஸில் இருந்த ஒரு பெரிய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் வெளியிட்டது. இரண்டு மாதத்துக்குள், மே 12 அன்று, வான்னாக்ரை என்னும் தீய நிரல் அவ்வோட்டையின் வழியே நுழைந்து, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. திருத்தத்தை ஏற்றவர் தப்பினர்; பிறகு பார்ப்போம் என்றிருந்தவர் அகப்பட்டனர். இங்கிலாந்தில் மட்டும் 80-க்குக் குறையாத பொது மருத்துவ நிர்வாகங்கள் தடுமாறின. நோயாளிகள் வைத்தியரைக் காணக் குறித்திருந்த நேரங்களில் சுமார் 19,000 தவறிப்போயிருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டனர். எனவே தாமதிப்பதும் ஆபத்தே.

அவ்வாறாயின் வந்தவுடன் எல்லாக் கணிப்பொறிகளிலும் ஏற்றிவிடுவதுதானே என்பர். அதற்கும் விடை உண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9 மணி 39 நிமிஷத்துக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் காவல் மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பிற்று. அக்கோப்பின் வாயிலாக 21 விவரங்களை எதிர்பார்த்த இடத்தில் நிரலுக்கு 20 மட்டுமே கிடைத்தன. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிப்போன மென்பொருள் கணிப்பொறியையே வீழ்த்திவிட்டது. 78 நிமிஷத்தில் பிழையைக் கண்டு கோப்பைத் திரும்ப வாங்கினர்; ஆனால் அதற்குள் 85 லட்சம் கணிப்பொறிகள் நீலத்திரையில் நின்றுவிட்டன. உலகத்திலுள்ள விண்டோஸ் கணிப்பொறிகளில் இது நூற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொல்லிற்று. ஆயினும் அந்த ஒன்று விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருந்தமையால் உலகமே நின்றது போலாயிற்று. நம் நாட்டு விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். விழுந்த யந்திரங்களிற் பெரும்பாலானவற்றை ஆட்கள் ஒவ்வொன்றாய்ச் சென்று கையால் எழுப்ப வேண்டியிருந்தது.

இதில் என் போன்றோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்நிறுவனம் தன் பெரிய மென்பொருளை மாற்றும்போது, வாடிக்கைக்காரர் விரும்பினால் ஒரு பதிப்போ இரண்டு பதிப்போ பின்தங்கி நிற்கலாம் என்று இடந்தந்தே இருந்தது. விழிப்புள்ள காரியாலயங்கள் அவ்வாறே சில கணிப்பொறிகளை முன்னே விட்டு மற்றவற்றைப் பின்னே நிறுத்தியிருந்தன. ஆனால் அச்சிறு கோப்பு இவ்வரிசைக்கு உட்படாதது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பின்னரே அத்தகைய கோப்புகளையும் படிப்படியாக அனுப்புவது என்று அந்நிறுவனம் ஏற்பாடு செய்தது. பெருந்தேருக்கு வெள்ளோட்டம் நடத்திவிட்டு, கடையாணியை மாத்திரம் விழா நாளிற் புதிதாக அடித்ததை ஒக்கும் இது.

ஆக, சிலவற்றில் முதலில் ஏற்றிப் பார்த்து, குறையில்லையென்று கண்டபின் மற்றவற்றுக்கு விடுவதே வழி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அந்தச் சில எவை என்பதிலேதான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

நான் பொறுப்பேற்றபோது வெள்ளோட்டத்துக்கென்று மூன்று கணிப்பொறிகள் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தன. ஒன்று மானேஜர் அறைக்கு வெளியே விருந்தினருக்காக வைத்தது; ஒன்று டயர்க் கிடங்கில் மாதத்துக்கு இரண்டு முறை திறப்பது; மூன்றாவது புதிய ஆட்களைப் பழக்குவதற்கென்று வாங்கி, ஆள் வராமையால் துணி போர்த்தி வைத்திருந்தது. அம்மூன்றிலும் ஓராண்டுக் காலம் ஒரு குறையும் தென்படவில்லையென்று குறிப்பு இருந்தது. எவ்வாறு தென்படும்? தேரை நிலையிலேயே நிறுத்திவைத்து, அச்சு முறியவில்லை என்று எழுதி வைப்பது போலன்றோ இது! வேலை செய்யாத யந்திரத்தில் பிழை தோன்ற வழியில்லை. எனினும் இவ்வாறு தேர்ந்தெடுத்தவரை நான் முற்றிலும் குறை கூறேன். எவருக்கும் தொந்தரவில்லாத யந்திரத்திற் பரீட்சை செய்வது மனத்துக்கு எளிது. வேலை மிகுந்த மேசையிற் பரீட்சை செய்வதாயின் அம்மேசைக்காரரிடம் போய் நின்று பேச வேண்டும்.

அம்மூன்றையும் நீக்கி நான்கைக் குறித்தேன். நாமக்கல் காரியாலயத்தில் சரக்குப் பதியும் மேசை, சேலம் கிளையில் கணக்குப் பார்ப்பவருடையது, சங்ககிரியில் உள்ளவற்றுள் மிகப் பழையது, நான்காவது என்னுடையது. பழையதைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ரசீதுகள் கார்பன் வைத்த ஐந்து பிரதிகள் உடையவை. ஊசியால் குத்தி எழுதும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரே அவ்வைந்தையும் ஒருங்கே பதிக்க வல்லது. பெருநகரத்துக் கம்பெனிகள் பல அதனை மறந்துவிட்டன. லாரிக் காரியாலயங்களில் அதன் கறகறவென்னும் ஓசை இன்னும் ஓயவில்லை. 2017 நவம்பர் 14 அன்று வெளியான விண்டோஸ் திருத்தம் ஒன்றினால், எப்சன் நிறுவனத்தார் செய்த அவ்வகைப் பிரின்டர்கள் பல உலகெங்கும் அச்சிட மறுத்தன. அதைச் சரிசெய்ய அம்மாதக் கடைசியில் தனித்திருத்தம் வந்தது. புதிய யந்திரங்களில் மட்டும் ஓட்டிப் பார்த்த காரியாலயத்துக்கு அப்பிழை தெரிந்திராது என்பது வெளிப்படை.

சரக்குப் பதியும் மேசையைக் குறித்தது பற்றி இரண்டு ஆட்சேபங்கள் எழுந்தன. பணம் வரும் வாசலிலே போய்ப் பரீட்சை நடத்தலாமா என்பது மானேஜருடையது. அவருக்கு விடை சொல்வது எளிதாயிருந்தது. வாசலில் வரும் பிழையை வாசலிற்றான் பார்க்க முடியும் என்றேன். இரண்டாவது ஆட்சேபம் அம்மேசையில் இருந்த முதிய குமாஸ்தாவினுடையது. ரசீதைக் கையால் எழுதிய காலத்திலிருந்து 27 வருஷம் அவ்விடத்தில் இருந்தவர். கணிப்பொறியைத் தம் ஐம்பதாம் வயதிற் கற்றவர். அவர் கோபிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி, "ஏனுங்க தம்பி, சோதிச்சுப் பார்க்க என் மேசைதான் கெடைச்சுதுங்களா? மத்தவங்க வேலையெல்லாம் வேலை, என் வேலை வெறும் வெள்ளோட்டமுங்களா?" என்று கேட்டார்.

இக்கேள்வியை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் கண்டதில்லை. சிலரை முன்னே நிறுத்திப் பலரைக் காப்பது என்றால், முன்னே நிற்போர் பலருடைய கஷ்டத்தைத் தாமே ஏற்கின்றனர் என்பது பொருள். நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவை அறிதற்குக் கூண்டில் ஒரு சிறு கானரிப் பறவையைக் கொண்டு செல்லும் வழக்கம் பிரிட்டனில் 1986 வரையில் இருந்தது. மென்பொருள் உலகத்தாரும் முதற் பரீட்சைக்கு அப்பறவையின் பெயரையே இட்டிருக்கின்றனர். பெயர் வைத்தவர்கள் பறவையினிடம் கேட்டிருக்க மாட்டார்கள். குமாஸ்தா ஐயாவோ வாயுள்ள மனிதர். அவரைக் கூண்டில் அடைத்த பறவையாக நடத்த நமக்கு உரிமையில்லை.

அவருக்கு நான் இரண்டு வாக்குக் கொடுத்தேன். முதலாவது, அவர் மேசைக்கருகில் பழைய பதிப்புடன் மற்றொரு கணிப்பொறி எப்போதும் பிரின்டருடன் தயாராயிருக்கும்; பரீட்சையின் பொருட்டு ஒரு வண்டியும் காக்க வேண்டியதில்லை. இரண்டாவது, அவர் சரி என்று தம் கையால் ஒரு நோட்டில் எழுதினாலன்றி மற்ற 37 கணிப்பொறிகளுக்கும் திருத்தம் போகாது. மானேஜரே அவசரப்படுத்தினும் போகாது. இரண்டாவது வாக்கைக் கேட்டதும் அவர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார் என்பது என் ஞாபகம். மறுநாள் தம் சொந்தச் செலவில் நீளமான கோடுபோட்ட நோட்டு ஒன்றை வாங்கி வந்து, முதற்பக்கத்தில் தேதி, கிழமை, வந்த திருத்தம், பார்த்தது, முடிவு என ஐந்து பத்தி கிழித்துவிட்டார்.

அந்நோட்டின் பயன் விளங்கச் சில மாதமாயிற்று. ஒரு புதன்கிழமை, ரசீது அச்சிடும் மென்பொருளுக்குப் புதுத் திருத்தம் வந்தது. என் மேசையில் மாதிரி ரசீதுகள் பத்து அச்சிட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. சேலத்திலும் சங்ககிரியிலும் அன்று காலை சரியாகவே இருந்தது. நாமக்கல் மேசையில் முற்பகலுக்குள் மூன்று ரசீது அச்சான பின்னர், குமாஸ்தா ஐயா என்னைக் கூப்பிட்டு ஓட்டுநர் பிரதியொன்றைக் காட்டினார். ஒவ்வொரு பிரதியையும் வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்த பின்னரே கையை விட்டு அனுப்புவது அவருடைய 27 வருஷப் பழக்கம். அன்று முதல் இரண்டிலும் கண்ணிற்படாதது மூன்றாவதிற் பட்டது. சரக்கு அனுப்புபவரின் பெயர் நீளமாயிருந்தால், புதிய பதிப்பு அதை இரண்டாம் வரிக்கு மடித்தது. அதனால் கீழேயுள்ள யாவும் ஒரு வரி இறங்கின. ரசீதுத் தாள் முன்னமே கட்டங்கள் அச்சிட்டது. ஆகவே, 'டு பே' என்னும் கட்டத்தில் விழவேண்டிய வாடகை, அதன் கீழுள்ள 'பெய்டு' என்னும் கட்டத்தில் விழுந்திருந்தது. நான் பரீட்சைக்கு எழுதிய பெயர்கள் எல்லாம் பரீட்சைக்குரிய குறும்பெயர்கள். எங்கள் ஊர் வியாபாரிகளோ பாட்டனார் பெயர், குலதெய்வத்தின் பெயர், மகன்மார் என்னும் சொல், தொழிலின் பெயர் எல்லாவற்றையும் ஒரே பலகையில் எழுதுபவர்கள்!

தொழில் அறியாத வாசகர்க்கு இதன் அபாயம் சொல்ல வேண்டும். 'டு பே' என்றால் சரக்கைப் பெறுபவர் வாடகையைக் கொடுக்க வேண்டும்; ஓட்டுநர் அதை வாங்கிக்கொண்டே சரக்கை இறக்குவார். 'பெய்டு' என்று காகிதம் சொன்னால் பெறுபவர் ஒரு காசும் தரமாட்டார், ஓட்டுநரும் கேட்கமாட்டார். திரும்பி வந்த பின்னர் கணக்கில் இடிக்கும்போது, வாங்காமல் வந்தது யார் தவறு என்ற வழக்கு எழும். இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் ஓட்டுநரின் பேட்டாவிலும் சம்பளத்திலும் போய் முடிவதை இத்தொழிலில் இருப்போர் அறிவர். பிழை செய்தது தூரத்திலுள்ள ஒரு நிரல். அதற்கு ஈடு கொடுப்பது இரவெல்லாம் கண்விழித்து வண்டி ஓட்டியவன்.

அச்சான மூன்று ரசீதுகளுள் இரண்டுக்குரிய வண்டிகள் முற்றத்திலேயே நின்றன. மூன்றாவது வண்டி புறப்பட்டுவிட்டது. ஓட்டுநரைக் கைப்பேசியில் அழைத்து, திருச்செங்கோடு கிளையில் நிறுத்தச் சொல்லி, பழைய பதிப்பினின்று வேறு ரசீது அச்சிட்டுக் கொடுத்தோம். அன்று நான்கு கிளைகளிலுமாகப் புறப்பட்ட ரசீதுகள் 200-க்கு மேல். வெள்ளோட்டம் இல்லாதிருந்தால் அவற்றுள் நீண்ட பெயருடையவை எத்தனையோ அத்தனையும் மாறிப்போயிருக்கும். நோட்டில் முடிவு என்னும் பத்தியில் குமாஸ்தா ஐயா, "கூடாது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். மென்பொருள் இயற்றினோர்க்கு அறிவித்தபோது, வேறெவரும் இவ்வாறு சொல்லவில்லையே என்றனர். ஒன்பது நாளில் திருத்தி அனுப்பினர். அதுவரை 37 கணிப்பொறிகளும் பழைய பதிப்பிலேயே நின்றன.

வேறெவரும் சொல்லவில்லை என்பது இத்துறையில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். சில சமயங்களில் அது மெய். சில சமயங்களில், சொன்னவர் உண்டு, கேட்டவர் இல்லை. மைக்ரோசாப்ட் 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸின் பெரிய திருத்தமொன்றை வெளியிட்டுச் சில நாட்களில் நிறுத்திவிட்டது. காரணம், அதை ஏற்றியவர் சிலருடைய கோப்புகள் அழிந்துபோயின. அந்நிறுவனத்துக்கு வெள்ளோட்டக்காரர் இலட்சக்கணக்கில் உண்டு. புதிய பதிப்பை முன்னதாகவே பெற்று ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லுவதற்கென்று தாமே முன்வந்தவர்கள். அவர்களுள் சிலர் கோப்புகள் அழிவதை வெளியீட்டுக்கு முன்னமே எழுதித் தெரிவித்திருந்தனர். ஆயினும் எண்ணற்ற சிறு குறைகளின் நடுவே அப்பெருங்குறை புதைந்து கிடந்தது. எத்தனை பேர் சொன்னார்கள் என்பதைக் கொண்டு வரிசைப்படுத்தினால், ஒருவர் மட்டும் சொன்ன பேராபத்து அடியிற் போய்விடும் அன்றோ? பின்னர்க் குறை சொல்பவர் அதன் கடுமையையும் குறிக்க ஒரு கட்டத்தைச் சேர்த்தனர்; பதிப்பை நவம்பர் 13 அன்று மறுபடி வெளியிட்டனர். எங்கள் குமாஸ்தாவின் நோட்டில் அவ்வளவு கட்டங்கள் இல்லை. ஆனால் அதைப் படிப்பதற்கு ஓர் ஆள் உண்டு. அதில் ஒருவர் எழுதிய ஒரு சொல்லுக்கு 37 யந்திரங்களை நிறுத்தும் வலிமை உண்டு.

சிலவற்றிற் பார்த்துப் பலவற்றுக்கு விடுதல் என்பது கணிப்பொறி பிறக்கும் முன்னரே எங்கள் சேலத்து மண்ணில் பெரிய அளவில் நடந்த காரியம். 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியான ராஜாஜி, மதுவிலக்கை மாகாணம் முழுதும் ஒரே நாளிற் கொண்டுவரவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லாவில் மட்டும் கொண்டுவந்தார். அந்நாளைய சேலம் ஜில்லா பெரிது. இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அதில் அடங்கும். 1938-ல் சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும், 1939-ல் வட ஆற்காட்டுக்கும் விரித்தனர். மாகாணம் முழுதுக்கும் அது வந்தது 1948-ல்தான். அதன் பிற்கதை இங்கு வேண்டுவதில்லை.

அவர் தேர்ந்தெடுத்த இடத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. சேலம் அவருடைய சொந்த ஜில்லா. அவர் வக்கீல் தொழில் நடத்தியதும், 1917 முதல் 1919 வரை நகரசபைத் தலைவராயிருந்ததும், 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்ததும் இங்கேதான். பரீட்சையைத் தன் வீட்டில் முதலில் நடத்துபவனிடம் நமக்கு ஒரு மதிப்பு உண்டாகிறது. நான்காவது கணிப்பொறியாக என்னுடையதைக் குறித்தபோது இந்நினைவு எனக்கு இருந்தது. மேலும் அது துணிபோர்த்திய யந்திரமன்று. கள்ளும் சாராயமும் கடைகளும் இறக்குவோரும் குடிப்போரும் நிறைந்த, ஓசூர்ப் பக்கத்தில் மைசூர் சமஸ்தானத்தோடு எல்லை தொட்டுக் கிடந்த, மெய்யான ஜில்லா. ஆனால் மரமேறிப் பிழைத்தவனைப் பரீட்சைக்கு முன்னே எவரேனும் கேட்டனரா? அவன் கையில் நோட்டு ஏதும் இல்லை. அவனுக்குப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும் வழியைக் காட்டினர். கள்ளில் வந்த வருவாய் அதில் வருமா என்பது அவனுக்குத் தெரிந்த கணக்கு. குமாஸ்தா ஐயாவின் கேள்வியை அவனும் கேட்டிருக்கலாம்.

அப்பரீட்சை காட்டிய குறைகளுள் பெரியது சர்க்கார் பொக்கிஷத்தைப் பற்றியது. மதுவினால் வந்த வருமானம் போன இடத்தை நிரப்பாமல் அடுத்த ஜில்லாவுக்குப் போக முடியாது. ஆகவே 1939-ல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரி விதித்த முதல் மாகாணம் சென்னையே. அவ்வரி 1959-லும் 2007-லும் உருமாறி, 2017 ஜூலை 1 அன்று நாடு முழுதுக்குமான ஜி.எஸ்.டி.யில் கலந்துவிட்டது. இன்று எங்கள் லாரி ரசீதோடு கூடவே செல்லும் இ-வே பில் என்னும் மின்சீட்டு அந்த ஜி.எஸ்.டி.யின் குழந்தை. சேலத்தில் நடந்த வெள்ளோட்டத்தின் வால், 80 ஆண்டு கடந்து, நாமக்கல் லாரி ஓட்டுநரின் சட்டைப்பையில் வந்து நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அந்த இ-வே பில்லே எப்படி வந்தது தெரியுமா? 2018 ஜனவரி நடுவில் பரீட்சார்த்தமாக நாடெங்கும் தொடங்கினர். விரும்பினோர் மட்டும் பயன்படுத்திய அந்நாட்களில் பெரிய இடர் ஒன்றும் தோன்றவில்லை. பிப்ரவரி 1 அன்று, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்குக் கட்டாயம் என்று எல்லோருக்கும் ஒரே நாளில் திறந்தனர். கூட்டத்தைத் தாங்கமாட்டாமல் அத்தளம் அன்றே தடுமாறியது. அன்று மாலைக்குள் கட்டாயத்தை ஒத்திவைத்தனர். விரும்பி வருவோர் சிலரை வைத்துப் பார்த்த பரீட்சை, எல்லோரும் வரும் நாளின் பாரத்தைக் காட்டாது. இரண்டாம் முறை அவர்கள் நடந்துகொண்ட முறை நன்று. ஏப்ரல் 1-ல் மாநிலங்களுக்கிடையே செல்லும் சரக்குக்கு மட்டும் தொடங்கினர். உள்மாநிலச் சரக்குக்கு முதலிற் கர்நாடகம். ஏப்ரல் 15-ல் ஆந்திரம், குஜராத், கேரளம், தெலங்கானா, உத்தரப்பிரதேசம். இவ்வாறு கூட்டங்கூட்டமாகச் சேர்த்துவந்து, தமிழ்நாட்டுக்கு ஜூன் 2-ல் வந்தது. நம்முடைய முறை வருவதற்குள் பல மாநிலத்து லாரிக்காரர்கள் முட்டிமோதி வழியைச் செப்பனிட்டிருந்தனர். அவர்களுக்கு நாம் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

குமாஸ்தா ஐயா ஓய்வு பெற்றுவிட்டார். அம்மேசையில் இப்போது இருப்பவர் பரமத்தியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஓர் இளம்பெண். நோட்டு நான்காவது புத்தகத்தில் ஓடுகிறது. ஐந்து பத்திகளோடு அவர் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்து, எத்தனை ரசீது பார்த்த பின் எழுதியது என்று குறிக்கிறார். 50-க்குக் குறைந்தால் சரி என்று எழுதமாட்டேன் என்கிறார். சாதாரணத் திருத்தத்துக்கு ஏழு நாளும், ஓட்டையடைக்கும் அவசரத் திருத்தத்துக்கு இரண்டு நாளும் காத்திருப்பது எங்கள் ஏற்பாடு. இரண்டு நாளில் 50 ரசீது ஆகாத மந்தமான வாரங்களும் உண்டு. ஆடி மாதத்தில் சரக்குக் குறைந்திருக்கும்போது அவருக்கும் எனக்கும் இதைப் பற்றி வாக்குவாதம் நிகழும். நான் வான்னாக்ரையைச் சொல்வேன். அவர் 'பெய்டு' கட்டத்தைச் சொல்வார். சென்ற ஆடியில் அவரே வென்றார். மூன்றாம் நாள் மாலை ஐம்பதாவது ரசீது அச்சான பின்னரே நோட்டு என் மேசைக்கு வந்தது.